காவிரிப் படுகைத் தண்ணீருக்கேற்ற சலவைத்தூளை வீட்டிலேயே தயாரிக்கும் முறை

துணி துவைக்கும் தூளை வீட்டிலேயே தயாரிப்பது பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் சோப்பையும் சோடாவையும் சொல்லிவிட்டுத் தண்ணீரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் பல மாதங்கள் நன்றாக அழுக்கெடுத்த தூளை, வேதாரண்யம் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டு ஆழ்குழாய் நீரில் கரைத்தபோது நுரையே எழவில்லை. திரிந்த பாலைப் போல வெள்ளைத் திப்பிகள் மிதந்து வேட்டியில் ஒட்டிக்கொண்டன. காய்ந்த பிறகு வேட்டி மங்கி, கையில் பிசுபிசுத்தது. தூளில் குறை ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போட்டதுதான் தவறு. ஆகவே, புதிதாகத் தொடங்குபவர்கள் தூள் தயாரிக்கும் முன்னர் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும்.

சோதனை எளிது. ஒரு லிட்டர் பாட்டிலில் பாதியளவு தண்ணீர் எடுத்து, நகத்தளவு சோப்புச் சீவலை அதில் போட்டு, கரையும் வரை நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கி, சிறிது நேரம் அடங்காமல் நின்றால் அது மென்னீர். நுரை எழாமல் நீர் கலங்கித் திப்பிகள் மிதந்தால், அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத பொருளாக மாறிவிட்டன என்று பொருள். இதுதான் கடினநீர். அப்போது இன்னொரு பாட்டிலில் அதே தண்ணீரை எடுத்து, முதலில் அரைத் தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு சோப்பைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். சோடா அந்தத் தாதுக்களைப் படியச் செய்துவிடுவதால் இம்முறை நுரை வரும். அப்படியும் சரியாக வராவிட்டால், நீரில் கடல் உப்பும் மிகுந்திருக்கக்கூடும். நம் பகுதியில் இரண்டையுமே ‘உப்புத் தண்ணி’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் சோடா கடினத்தன்மையைத்தான் நீக்கும், கரிக்கும் உப்பை நீக்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் இப்படிப்பட்ட நீர் உள்ளவர்கள் துணிக்கு மட்டுமாவது குளத்து நீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துவது நல்லது.

தேவையான பொருள்கள்

பார் சோப்பு 300 கிராம், சலவைச் சோடா 300 கிராம். கடினநீர் உள்ள வீடுகளுக்குக் கூடுதலாக 300 கிராம் சோடா. இவ்வளவே போதும்.

சோப்பு வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள். ‘டிடர்ஜென்ட்’ என்று அச்சிட்ட கட்டி இந்தச் செய்முறைக்கு உதவாது. எண்ணெயிலிருந்து செய்யும் பழைய பாணிப் பார் சோப்புதான் வேண்டும். சோடாவிலும் கவனம் தேவை. ஆப்ப சோடா வேறு, சலவைச் சோடா வேறு. காஸ்டிக் சோடா முற்றிலும் வேறு. அது தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும் என்பதால், கடைக்காரர் ‘எல்லாம் சோடாதான்’ என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். சலவைச் சோடாவிலும் வெள்ளைத் தூளாக இருப்பதையே கேளுங்கள். கண்ணாடிக் கற்கள் போன்ற படிகச் சோடாவின் எடையில் பாதிக்கு மேல் நீர் இருப்பதால், நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அந்த நீருக்கே போய்விடுகிறது.

தயாரிக்கும் முறை

சோப்பின் உறையைப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் நான்கைந்து நாள் காய விடுங்கள். ஈரச் சோப்பைத் துருவினால் துருவியில் அப்பிக்கொள்ளும். காய்ந்த சோப்பு, கொப்பரைத் துருவலைப் போலப் பொலபொலவென்று உதிரும். காய்கறித் துருவியின் சிறிய கண்களில் முழுவதையும் துருவிக்கொள்ளுங்கள். மீண்டும் சமையலுக்கு எடுக்காத பழைய துருவியாக இருக்கட்டும்.

துருவலை மட்டும் மிக்ஸியில் போட்டால் சூடேறி, ஒரே உருண்டையாகத் திரண்டு பிளேடில் சிக்கிக்கொள்ளும். ஒரு பங்கு துருவலுக்கு ஒரு பங்கு சோடா என்று சேர்த்து, விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டினால், சோடா இடையில் புகுந்து சோப்பு ஒட்டாமல் காக்கும். ரவை போன்ற பதம் வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். மூடியை உடனே திறக்கக் கூடாது. ஜாடிக்குள் எழுந்த புழுதி அடங்க ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்கு முன் திறந்தால் மூக்கும் கண்ணும் எரியும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கைக்கு உறை போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

கலவையை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவிலோ எவர்சில்வர் தூக்கிலோ வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. ஈரம் பட்ட சோடா அலுமினியத்தை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பா ஒரு நாள் திறந்து கிடந்தாலும் தூள் கட்டி தட்டிவிடும் என்பதால், அம்மாதங்களுக்குப் பாதியளவே தயாரித்துக்கொள்வது என் வழக்கம்.

துவைக்கும் முறை

என் வீட்டு மேசைக்கரண்டியில் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழ 12 கிராம் பிடிக்கிறது. ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு கரண்டி. முதலில் ஒரு சொம்பு வெந்நீரில் தூளை முழுவதும் கரைத்து, பிறகு வாளியில் ஊற்றிக் கலக்கித் துணியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். கடினநீராக இருந்தால் வரிசை மாறும்: தனியாக வைத்த சோடாவில் ஒரு கரண்டியை முதலில் வாளியில் கரைத்து, நீர் வெண்மையாகக் கலங்கி முடியப் பத்து நிமிடம் விட்டு, அதன் பின்னரே தூளைச் சேர்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாவிட்டால் சோப்புதான் வீணாகும். மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாட்களில் வண்டல் கலந்திருக்கும். அந்த நீரை இரவு முழுவதும் தெளிய வைத்து, மேலாக மொண்டுகொள்ளுங்கள்.

செலவைக் கணக்கிடுவதும் எளிது. சோப்பும் சோடாவும் சேர்ந்த 600 கிராமில் 50 கரண்டி, அதாவது 25 வாளி. இரண்டும் சேர்ந்து 100 ரூபாய் ஆகியிருந்தால் வாளிக்கு 4 ரூபாய். கடினநீருக்குச் சேர்க்கும் சோடாவின் விலையை அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது வாங்கும் தூளில் ஒரு வாளிக்கு எவ்வளவு ஆகிறது என்று இதே முறையில் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கரண்டியில் குவித்து அள்ளினால் மிச்சமெல்லாம் அதிலேயே போய்விடும்.

இந்தத் தூளால் ஆகாதவையும் உண்டு. வாழைத்தார் வெட்டும்போது சட்டையில் பட்ட கறை இதில் போகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகவே ஆகாது. திருபுவனம் பட்டை ஒருபோதும் இதில் நனைத்துவிடாதீர்கள். வீட்டில் அலசக்கூடிய மென்மையான துணி என்றால், நாலைந்து பூந்திக்கொட்டையை விதை நீக்கி இரவில் ஊற வைத்து, காலையில் பிசைந்து வடிகட்டிய நீரே போதும். சலவை இயந்திரத்தின் குழாய்களில் சோப்புத் திப்பி படியும் என்பதால், கையால் துவைப்பவர்களுக்கு மட்டுமே இதை நான் பரிந்துரைக்கிறேன்.

துவைத்த நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். தென்னைக்கும் வாழைக்கும் தொடர்ந்து ஊற்றவும் வேண்டாம். சோடாவில் உள்ள சோடியம் நம் களிமண்ணை இறுக்கி, நீர் உள்ளே இறங்காதபடி செய்துவிடும்.