டைட்டேனியத்தில் சிலிசைடு: உலை வேலைக்கு என் கணக்கு

டைட்டேனியப் பொடியில் சிலிக்கான் பொடியைக் கலந்து, அழுத்தி, உலையில் சுட்டுக் கடினமான வில்லைகள் செய்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிப்ரவரி மாதம் டைட்டேனியம் பொடி டப்பாவைத் திறப்பது, தூறலில் அப்பளம் காயப்போடுவது மாதிரி. காற்றில் அவ்வளவு ஈரம். அந்த ஈரம் ஒட்டினால், அதிலுள்ள ஆக்சிஜன் உலையில் உலோகத்துக்குள் கரைந்து துண்டை நொறுங்க வைத்துவிடும். பிறகு அதை வெளியே எடுக்க வழியில்லை. அதனால் டப்பாவை ஆர்கான் என்ற, எதனோடும் வினைபுரியாத வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான் திறப்பேன். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கும். இந்தப் பொடி தீப்பிடித்தால் தண்ணீரும் கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கூடாது.

இங்கிருந்து வடக்கே ரிச்சர்ட்ஸ் பே கடலோர மணலில் டைட்டேனியம் தாது கிடைக்கிறது. நம் பொடி என்னவோ கப்பலில்தான் வருகிறது. சரி, அது வேறு கதை.

நான் பழகிய கலவை 96 கிராம் டைட்டேனியத்துக்கு 4 கிராம் சிலிக்கான். ஐந்து டைட்டேனியம் அணுவுக்கு மூன்று சிலிக்கான் அணு சேர்ந்து சிலிசைடு ஆகும். அதில் எடையில் 26 விழுக்காடு சிலிக்கான். ஆக 4 கிராமுக்குச் சுமார் 15 கிராம் சிலிசைடு கிடைக்கும், கன அளவில் 16 விழுக்காடு. டைட்டேனியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.51 கிராம், சிலிசைடுக்கு 4.32. கடினம் கூடுகிறது, எடை கூடுவதில்லை.

டைட்டேனியம் 45 மைக்ரான் சல்லடையில் இறங்கினால் போதும். சிலிக்கான் 10 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சூட்டில் சிலிக்கான் தன் இடத்தை விட்டுச் சுற்றியுள்ள டைட்டேனியத்துக்குள் ஓடிவிடும், அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். துணுக்கு பெரிதென்றால் ஓட்டையும் பெரிது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் மூடாது. என் முதல் வில்லைகளை அறுத்துப் பார்த்தபோது ரொட்டி மாதிரி இருந்தன.

பாதி நிரம்பிய ஜாடியில், ஆர்கானில், நான்கு மணி நேரம் மெதுவாக உருட்டிக் கலக்கவும். 20 மி.மீ. அச்சில் 10 கிராம் போட்டு 16 டன் அழுத்தவும்; ஏறக்குறைய 500 மெகாபாஸ்கல் வரும். வழுக்கலுக்கான ஜிங்க் ஸ்டியரேட்டை அச்சின் சுவரில் மட்டும் தடவுங்கள், பொடியில் கலக்கக் கூடாது.

வில்லைகளை இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) பூசிய தட்டில் வைத்து, சுற்றிலும் ஸ்பாஞ்ச் (நுண்துளைகள் நிறைந்த) டைட்டேனியத் துண்டுகளைப் போடுவேன். மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அவை முதலில் வாங்கிக்கொள்ளும். வேக்குவம் 10⁻⁵ மில்லிபார். நிமிடத்துக்கு 5 டிகிரி (எல்லாம் செல்சியஸ்) ஏற்றி 400-இல் அரை மணி நேரம் நிறுத்துங்கள், அச்சில் தடவியது போய்விடும். 700 முதல் 1000 வரை நிமிடத்துக்கு 2 டிகிரிதான். சிலிக்கான் சிலிசைடு ஆகும்போது வெப்பம் வெளிவரும். இங்கே அவசரப்பட்டால் வில்லை ஊதிவிடும். 1000-இல் ஒரு மணி நேரம், அப்புறம் 1250-இல் மூன்று மணி நேரம்.

1330 டிகிரியில் டைட்டேனியமும் சிலிசைடும் சேர்ந்து உருகத் தொடங்கும். ஒருமுறை மீட்டர் 1250 காட்டிக்கொண்டிருக்க, வில்லைகள் தட்டோடு ஒட்டிக் குழைந்து கிடந்தன. உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பழசாகிப் பொய் சொல்லியிருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆர்கானில், அலுமினா கிண்ணத்தில் செம்புக் கம்பித் துண்டு ஒன்றை வைத்து ஏற்றுகிறேன். அது 1085-இல் உருண்டையாக வேண்டும். அப்போது மீட்டர் என்ன காட்டுகிறதோ அந்த வித்தியாசத்தைச் சுவரில் எழுதி வைப்பேன்.

ஏற்றவும் நிறுத்தி வைக்கவுமே பத்து மணி நேரம். 2023-இல் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது நடுவில் பம்ப் நின்று, வால்வு மூடாமல், எண்ணெய் ஆவி உலைக்குள் போனது. வில்லைகள் கருநீலம். கரண்ட் போனால் தானாக மூடும் வால்வு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஆறும்போதும் பொறுமை வேண்டும். சிலிசைடு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வேகமாகக் குளிர்ந்தால் நுண்விரிசல் விழும். 100 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் கதவு. வெள்ளிச் சாம்பல் நிறம் என்றால் நல்லது. வைக்கோல் நிறமோ நீலமோ தெரிந்தால் எங்கோ கசிவு.

தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பாருங்கள். முழு அடர்த்தி 4.48, எனக்கு 4.26 வந்தாலே திருப்தி. அதற்கும் கீழே போனால் உடனே சூட்டைக் கூட்டத் தோன்றும். முதலில் சிலிக்கான் டப்பாவை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள்.