கடலை மிட்டாய்க் கையோடு கிரனோலா பார் செய்தால்

ஓட்ஸையும் கடலையையும் பாகில் கலந்து, தட்டில் அழுத்தித் துண்டு போடுவதுதான் கிரனோலா பார். நான் முதன்முதலாகச் செய்ததை வெட்டக் கத்தி போதவில்லை. தேங்காய் உடைக்கிற அரிவாளைத் திருப்பிப் பிடித்துத் தட்ட வேண்டியிருந்தது. பாளையங்கோட்டை வீட்டு அடுக்களையில் அன்று நடந்தது இவ்வளவுதான்: கருப்பட்டிப் பாகு அடுப்பில் கொதிக்கிறது, ஆச்சி பக்கத்தில் நிற்கிறார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, திரட்டி எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. "இன்னும் ரெண்டு கொதி விடுட்டி" என்றார். விட்டேன். அடுத்த சொட்டு 'டிங்' என்றது. ஆச்சிக்குத் திருப்தி. தட்டில் கொட்டி ஆறவைத்ததும் எல்லாம் ஒரே பாறை.

ஆச்சியைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பார்த்தது கடலை மிட்டாய்ப் பதம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1986-ல் மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டியும் திருநெல்வேலி மாவட்டம்தான். இந்தப் பக்கத்துக் கைகளுக்குப் பாகு என்றாலே அந்தப் பதம்தான் ஞாபகம் வரும். அது கடித்தால் முறிய வேண்டும். நாம் செய்ய நினைக்கும் கிரனோலா பாரோ கடித்தால் வளைந்துகொடுத்து, கொஞ்சம் இழுத்து, அப்புறம் பிரிய வேண்டும். இதில் வருகிற தவறுகளில் பாதி, நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் பழக்கதோஷத்தில் செய்பவை. புதிதாகச் சமைப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு வேறு தொல்லைகள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பேசுவதற்கு வசதி. எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு ஓட்ஸ் 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 80, எள் 30, பொரிகடலை 30, பொடியாக நறுக்கிய பேரீச்சை 80. சேர்த்துப் பிடிக்க, கருப்பட்டி 90 கிராம், தேன் 60, கடலை விழுது 80, நெய் ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி உப்பு. பதினாறு துண்டு வரும். ஓவனே வேண்டாம். இதையே ஓவனில் வைத்துச் சுடுகிறவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் கூடிப்போனாலே ஓரம் பிஸ்கட் மாதிரி காய்ந்துவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பாகு எங்கே நிற்க வேண்டும்

சர்க்கரைப் பாகு கொதிக்கக் கொதிக்க அதிலிருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே போகும். சூடும் ஏறிக்கொண்டே போகும். 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது பாகில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு சர்க்கரை, மீதி நீர். தண்ணீரில் விட்டால் உருண்டையாகத் திரளும், ஆனால் விரலில் எடுத்து வைத்தால் தளர்ந்து சாயும். 149 டிகிரியைத் தாண்டினால் நீர் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. ஆறியதும் கண்ணாடி மாதிரி முறியும். பார் மெத்தென்று இருப்பதற்குக் காரணம் அந்த மிச்ச நீர்தான். அதை ஓட்டிவிட்டு, "எண்ணெய் பத்தலையோ, ஓட்ஸ் சரியில்லையோ" என்று தேடுவதில் பலனில்லை.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 113, 114-ல் அடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிண்ணத் தண்ணீர் போதும். சொட்டு கரைந்து ஓடினால் பதம் வரவில்லை. திரண்டு, இரண்டு விரலுக்கு நடுவில் அமுக்கினால் சப்பையானால் சரி. தட்டிச் சத்தம் கேட்டால் போச்சு. இன்னொன்று, சொட்டைச் சோதிக்கும் நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கக் கூடாது. இவ்வளவு சின்ன அளவுப் பாகு அரை நிமிடத்தில் அடுத்த பதத்துக்குத் தாவிவிடும். நாம் கிண்ணத்தில் துழாவிக்கொண்டிருப்போம்.

கருப்பட்டியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. சீனியானால் பொன்னிறம், தேன் நிறம் என்று பார்த்துப் பதம் சொல்லலாம். கருப்பட்டி ஆரம்பத்திலேயே கறுப்பு; கருகினாலும் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். அதனால் நிறத்தை நம்பாமல் சொட்டை நம்புங்கள். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் தட்டிப் பொடித்து நேராகச் சட்டியில் போடாதீர்கள். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் தங்குவதை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். வடிகட்டியில் தும்பும், அடியில் நறநறவென்று மணலும் நிற்கும். ஓட்ஸ் தின்னும்போது பல்லில் மணல் கடிபட்டால் அப்புறம் வீட்டில் யாரும் அந்த டப்பாவைத் திறக்க மாட்டார்கள்.

தேனை அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். அணைத்த பிறகு, கடலை விழுதோடு சேர்த்துக் கலந்தால் போதும். தேனை விட்டுவிட்டு முழுக்கக் கருப்பட்டியில் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம்; மூன்றாம் நாள் பார் பூத்து, சர்க்கரை மணல்மணலாகத் திரும்பி, தொட்டால் உதிரும். தேனில் இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அந்தத் திரும்பலைத் தடுக்கின்றன, காற்றிலிருந்து ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தேன் இல்லையா? பாகு கொதிக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்து ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். ஜிலேபிப் பாகில் எலுமிச்சை விடுவதும் இதற்குத்தான்.

ஓட்ஸ், கடலை, சட்னிப் பழக்கம்

ஓட்ஸில் தட்டையான முழு ஓட்ஸ் என்று இருப்பதை வாங்குங்கள். கடையில் சட்டென்று கைக்கு வருவது மூன்று நிமிடத்தில் வேகிற பொடி ஓட்ஸ். அது பாகைக் குடித்துக் குழைந்து, பொரிமாவு உருண்டையாகிவிடும். ஸ்டீல் கட் என்று விற்கிற, நொய் போலிருக்கும் உடைத்த ஓட்ஸும் ஆகாது. எவ்வளவு வறுத்தாலும் பல்லில் கல். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டை உடைத்துச் செய்து பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். உறவு என்பதால் அதற்கு மேல் சொல்லவில்லை.

ஓட்ஸுக்குப் பாதி கெட்டி அவல் போட்டும் செய்யலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். சிவப்பு அவலானால் வாசனையும் நன்றாக இருக்கும். எதுவானாலும் வறுக்காமல் போடுவது தப்பு. அடி கனமான சட்டியில் சிறு தீயில் எட்டு, பத்து நிமிடம், வாசனை எழும்பும்வரை. எள்ளையும் கடலையையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் கடலை பாதி வேகும்போது எள் கருகியிருக்கும். வறுத்ததை முழுக்க ஆறவிட்டுப் பாகில் கொட்டுவது அடுத்த தப்பு. ஜில்லென்ற ஓட்ஸ் பட்டதும் பாகு அங்கங்கே கட்டியாகிவிடும், ஒரு பக்கம் ஒட்டும், ஒரு பக்கம் வெறும் ஓட்ஸ். கை பொறுக்கிற சூடு இருக்கும்போதே கலந்துவிடுங்கள்.

கடலையில் சுருங்கினது, நிறம் மாறினது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எதையும் "வறுத்தால் சரியாப் போகும்" என்று போடாதீர்கள். பூஞ்சையால் வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வீட்டு வறுவலில் முழுக்க அழிவதில்லை. பொறுக்கித் தூரப் போடுவதுதான் வழி.

அப்புறம் கடலை விழுது. இங்கேதான் சட்னி அரைத்துப் பழகிய கை மாட்டிக்கொள்ளும். மிக்ஸியில் கடலை சுற்றாமல் ஓரத்தில் அப்பிக்கொண்டதும், யோசிக்காமலே ஒரு வாய் தண்ணீர் விட்டுவிடுவோம். விடக் கூடாது. நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். நாலைந்து தடவையில் கடலை தன் எண்ணெயைத் தானே விட்டுத் தளதளவென்று இளகும். தண்ணீர் விட்ட விழுது பாரைச் சீக்கிரம் கெடுக்கும். பச்சைத் தேங்காய்த் துருவலும் அதே கதை. ஒரு தடவை ருசிக்காக ஒரு கை போட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. தேங்காய் வேண்டுமென்றால் கொப்பரையைத் துருவி, வறுத்துப் போடுங்கள்.

அழுத்துவதும் வெட்டுவதும்

உருண்டை பிடித்துப் பழகியவர்கள் கையால் லேசாகத் தட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். உருண்டையை ஐந்து விரலும் சுற்றி நெருக்கும். தட்டில் அப்படி யாரும் நெருக்குவதில்லை. தட்டில் வெண்ணெய்த்தாள் விரித்து, கலவையைக் கொட்டி, அடி தட்டையான ஒரு எவர்சில்வர் டம்ளருக்கு நெய் தடவி, உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். நாலு மூலையையும் ஓரத்தையும் இன்னொரு சுற்று. உதிர்ந்துபோகிறது என்று வருகிற புகாரில் பாகைவிட இந்த அழுத்தாத குறைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

கடலை மிட்டாயைச் சூட்டோடு கீறிவிட வேண்டும், ஆறினால் வெட்ட வராது. இதைச் சூட்டோடு வெட்டினால் கத்தியோடு பாதி வந்துவிடும். இரண்டு மணி நேரம் வெளியே ஆறி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்து, அதற்குப் பிறகு பெரிய கத்தியால் மேலிருந்து ஒரே அழுத்தாக. ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் ஓரமெல்லாம் பொலபொலவென்று கொட்டும். பொறுமை இல்லாத குழந்தைகளுக்கு ஓரத்தில் உதிர்ந்ததைக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

"கருப்பட்டிதானே, நல்லதுதானே"

இது சமையல் தப்பு இல்லை, தின்கிற தப்பு. மேலே சொன்ன அளவில் ஒரு துண்டுக்குக் கருப்பட்டியும் தேனும் சேர்ந்து சுமார் 8 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு தேக்கரண்டிச் சீனி. பேரீச்சை கணக்கில் இல்லை. ஒரு துண்டு 175 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும், கிட்டத்தட்ட மூன்று இட்லி. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வழிகாட்டுதலில் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இந்தக் கணக்கு. தேனும் அந்தக் கணக்கில்தான் வரும். மூன்று துண்டு தின்றால் அந்த 25-ஐ இதிலேயே தொட்டுவிடுவோம், காலைக் கருப்பட்டிக் காபி தனி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டி என்ற பெயரில் எந்தச் சலுகையும் கிடையாது. எங்கள் வீட்டு மாமாவிடம் இதை வாரம் ஒரு தடவை சொல்கிறேன்.

அதற்காகக் கருப்பட்டியைப் பாதியாக்கி அப்படியே விட்டுவிட்டால் பார் ஒட்டாது. இனிப்பு மட்டுமில்லாமல் பசையும் அதுதான். குறைக்கிற 45 கிராமுக்குப் பதிலாகப் பேரீச்சையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, விழுதாக அரைத்துச் சேருங்கள். இப்படிச் செய்ததை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால் பொடித்துப் போடுங்கள்.

டப்பாவுக்குள் போன பிறகு

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் இது இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனியில் தென்காசியில் சாரல் பிடித்தால் வேறு மாதிரி. காற்றின் ஈரத்தை இழுத்து மேலெல்லாம் வேர்த்து, பிசுபிசுவென்று ஆகிவிடும். தென்காசி மைனி வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுபோய், மூடி சரியில்லாமல், மறுநாள் கரண்டியால் தோண்டி எடுத்தோம். ஒவ்வொரு துண்டையும் வெண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே ஐந்தாறு நாள், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டால் உள்ளே நீர் கோர்க்காது.

சரி, எல்லாம் கவனித்தும் தப்பிப்போனால்? உதிர்ந்தால் சட்டியில் போட்டு, இன்னும் ஒரு கரண்டி தேன் விட்டு, லேசாகச் சூடாக்கி மறுபடி அழுத்துங்கள். கொஞ்சம் கெட்டியாகிவிட்டால் டப்பாவுக்குள் ஒரு துண்டு பிரட்டை வைத்து மூடிவிடுங்கள்; காலையில் பிரட் காய்ந்திருக்கும், பார் இளகியிருக்கும். கிண்ணத்தில் 'டிங்' என்று கேட்ட கேஸ் எதற்கும் மசியாது. நான் அதை அம்மியில் வைத்துத் தட்டி, வெதுவெதுப்பான பாலில் போட்டுக் கொடுத்தேன். ஆச்சி இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, பதம் சரியாகத்தான் இருந்தது என்றார்.