புலனாய்வுத் துறையைப் பாராளுமன்றம் மேற்பார்வை செய்வது: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் நினைவுக்கு வரும் ஏப்ரலில், கொழும்பில் இந்தப் பேச்சு திரும்ப எழும். புலனாய்வுக்காரரை யார் கேள்வி கேட்பது? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாம் அதைக் கேட்கிற விதத்தில் சில தவறுகள் படிந்துவிட்டதால், பதில் சொல்ல வேண்டியவர்கள் சுலபமாக நழுவிவிடுகிறார்கள்.

யார் வந்தாலும் சிஐடி என்று சொல்வதை முதலில் விடுவோம். வெள்ளவத்தையில் சிவில் உடையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனால் சிஐடி வந்தது என்றுதான் ஊர் பேசும். சிஐடி என்ற குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பொலிஸின் ஒரு பகுதி. அது ஒருவரைப் பிடித்தால் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், அங்கே சட்டத்தரணி எழுந்து கேட்கலாம். அரச புலனாய்வுச் சேவையும் இராணுவப் புலனாய்வும் வேறு. அவற்றின் வேலை தகவல் திரட்டுவது, அந்த வேலையில் பெரும்பகுதி எந்த நீதிமன்றத்தின் கண்ணிலும் படாது. பாராளுமன்றம் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்பது முக்கியமாக இவற்றை. எம்பிக்கு முறைப்பாடு எழுதும்போது வந்தவர்கள் எந்த அலுவலகம் என்று கேட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கடிதம் அங்கும் இங்கும் அலையும்.

அடுத்ததுதான் பெரிய தவறு. 2019இல் தாக்குதலை விசாரிக்கப் பாராளுமன்றத் தெரிவுக்குழு அமைத்தார்களே, அதுதான் மேற்பார்வை என்று நினைப்பது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அந்தத் தாக்குதல் ஏப்ரல் 21இல் நடந்து 260க்கும் அதிகமானோர் இறந்த பிறகு, மே மாதத்தில் பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் அந்தக் குழு வந்தது. ஒக்டோபரில் அறிக்கை கொடுத்தது, அத்தோடு அதன் வேலை முடிந்தது. நல்ல அறிக்கைதான், வாசிக்காதவர்கள் வாசிக்க வேண்டும். ஆனால் அது வீடு எரிந்த பிறகு சாம்பலைக் கிளறும் வேலை. தாக்குதல் நடக்கலாம் என்ற இந்திய எச்சரிக்கை ஏப்ரல் 4இல் கைக்கு வந்தது. 11இல் ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கடிதம் சில பிரிவுகளுக்குப் போனது. தேவாலயங்களுக்கோ ஹோட்டல்களுக்கோ யாரும் சொல்லவில்லை. 2018 ஒக்டோபருக்குப் பிறகு பிரதமரைத் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கவே இல்லை என்பதும் அந்தக் குழுவின் முன்தான் விரிவாக வெளிவந்தது. நிரந்தரமான ஒரு குழு இருந்து, கடந்த மூன்று மாதத்தில் பாதுகாப்புச் சபை எத்தனை முறை கூடியது, யார் யார் வந்தார்கள் என்று மட்டும் கேட்டிருந்தால், அந்த ஓட்டை தாக்குதலுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதைக் கேட்க எந்த இரகசியமும் தெரிந்திருக்கத் தேவையில்லை!

அதே தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். ஆணைக்குழுவை நியமிப்பவர் ஜனாதிபதி, அறிக்கையும் அவர் கைக்குத்தான் முதலில் போகும்.

சரி, பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழு இருந்ததே என்பீர்கள். இருந்தது, தேசிய பாதுகாப்பு என்ற பெயரோடே. 2020 பெப்ரவரியில் அது வைத்த அறிக்கையில் எல்லோர் கண்ணிலும் பட்டவை புர்காத் தடையும் மத்ரசா பற்றிய பரிந்துரைகளும்தான். குடிமக்களை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று யோசிப்பதும், அரசின் புலனாய்வு அமைப்புகளைப் பொறுப்புக்கூற வைப்பதும் ஒன்றல்ல. பெயரைப் பார்த்து ஏமாறாமல் அந்தக் குழு யாரைக் கூப்பிட்டது, எதைக் கேட்டது என்று பாருங்கள்.

எம்பிமாரிடம் சொன்னால் எல்லாம் வெளியே போய்விடும் என்ற வாதத்துக்கு உடனே தலையாட்டுவதும் தவறு. 2019இல் அதிகாரிகள் கமராவுக்கு முன் சாட்சி சொன்னதை அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கடுமையாக எதிர்த்தார். ஆனால் அதே குழு சில சாட்சியங்களை மூடிய கதவுக்குள்ளும் கேட்டது, அதற்கு வழி இருக்கிறது. நாட்டைப் பாதிக்கும் தகவல் ஒன்று, பொறுப்பில் இருந்தவருக்குச் சங்கடம் தரும் தகவல் இன்னொன்று. இரண்டாவதையும் இரகசியம் என்று பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உயர் நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 12 தீர்ப்பு போதும்: எச்சரிக்கை இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காகச் சிறிசேன 10 கோடி ரூபா, அரச புலனாய்வுச் சேவையின் அன்றைய பணிப்பாளர் 7.5 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. ஆனால் வழக்குப் போட்டுத்தான் அதையும் பெற வேண்டியிருந்தது, வழக்குப் போட்டவர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இருந்தார்கள்.

லண்டனில் இருப்பதை அப்படியே கொண்டு வருவோம் என்று சொல்கிறவர்களும் கொஞ்சம் நிதானிக்கட்டும். பிரித்தானியாவின் புலனாய்வு, பாதுகாப்புக் குழு 1994 சட்டத்தில் பிறந்தது, 2013இல் அதிகாரம் கூடியது. அமைச்சர்கள் அதில் இருக்க முடியாது, நல்லது. ஆனால் உறுப்பினர்களை முன்மொழிபவரே பிரதமர், அறிக்கையும் வெளிவருமுன் அவரிடம் போக வேண்டும். ரஷ்யா பற்றிய அவர்களின் அறிக்கை 2019 ஒக்டோபரில் பிரதமரிடம் போய், இடையில் ஒரு தேர்தலும் முடிந்து, 2020 ஜூலையில்தான் வெளிவந்தது. நம் நாட்டில் சிக்கல் இன்னும் அதிகம். 21ஆவது திருத்தத்தின்படி பாதுகாப்பு அமைச்சர் ஜனாதிபதியே, அவர் பாராளுமன்ற உறுப்பினர் அல்ல. அமைச்சுக்கு ஒரு கேள்வி போட்டால் பிரதி அமைச்சர் எழுந்து எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு அமர்வார். இங்கே சட்டம் எழுதும்போது அதிகாரியை நேரடியாக அழைத்து, ஆவணத்தையும் கேட்டுப் பெறும் அதிகாரம் குழுவுக்குக் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியதால், உளவுத்துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் எதுவும் கேட்க முடியாது என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். இந்தியச் சட்டத்தில் ஐபி, ரோ போன்ற அமைப்புகளுக்கு 24ஆவது பிரிவு விலக்குக் கொடுக்கிறது, ஊழலும் மனித உரிமை மீறலும் தவிர. இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படி அமைப்பு முழுவதற்கும் விலக்கு இல்லை. கேட்ட தகவல் தேசிய பாதுகாப்பைப் பாதிக்கும் என்று காட்டினால் மறுக்கலாம், பொது நலன் அதைவிடப் பெரிது என்றால் அந்த மறுப்பும் நிற்காது. ஆகவே பெயர்களையும் நடவடிக்கைகளையும் கேட்காதீர்கள். எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை விசாரிக்கப்பட்டன, எந்தச் சுற்றறிக்கையின் கீழ் வீடுகளுக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். மறுத்தால் மேன்முறையீடு செய்யுங்கள், அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போங்கள். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் நாள் வருவதற்கு முன் அந்தப் பதிலை, மறுப்பாக இருந்தாலும் சரி, உங்கள் எம்பியின் கையில் கொடுத்துவிடுங்கள். நிதி மீது முழு அதிகாரம் பாராளுமன்றத்துக்கே என்கிறது அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை, அந்த நாளில் அவர் இதைக் கேட்கலாம்.