மார்கழிக் கச்சேரிக்குத் தனியே செல்வோருக்கு

டிசம்பர் விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் நம்மவர்களில் பலர், உடன் வர ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் இசை விழாவைத் தவறவிட்டுவிடுகிறார்கள். விருப்பமில்லாத உறவினரை அழைத்துச் சென்று, அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடப்படுவதைவிடத் தனியே போவது எவ்வளவோ மேல்.

மியூசிக் அகாடமியின் விழா வழக்கமாக டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடைபெறும். பெயர் பெற்ற வித்வான்களின் மாலைக் கச்சேரிகளுக்கு முன்பதிவு தேவைப்படும். ஆனால் பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணமே இல்லை என்பதோடு, வளர்ந்துவரும் இளம் கலைஞர்களை அங்கேதான் அருகிலிருந்து கேட்க முடியும். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் கையில் ரொக்கம் வைத்திருப்பது நல்லது. விமானத்தில் வந்திறங்கிய மறுநாளே மாலைக் கச்சேரிக்குப் போகாதீர்கள். நான் அப்படிப் போய், ஒரு முழுப் பல்லவியையும் தூங்கியே கழித்திருக்கிறேன்.

தனியே அமர்ந்திருப்பவரிடம் பக்கத்து இருக்கைக்காரர் தாமாகவே பேச்சுக் கொடுப்பார். ஒருமுறை, ராக ஆலாபனை முடிந்ததும் 'ராகம் ஆனந்தபைரவிதானே?' என்று நான் மெல்லக் கேட்க, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் சிறு குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். 'ரீதிகௌளை' என்று பென்சிலால் எழுதியிருந்தது. இடைவேளையில் கேன்டீனுக்கும் அவரே அழைத்துச் சென்றார். ஐயங்களைப் பாட்டுகளுக்கு நடுவில் கேளுங்கள், பாடும்போது வேண்டாம். எழுந்து போக வேண்டியிருந்தாலும் பாட்டு முடியும்வரை பொறுங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறுவது மிருதங்கக்காரருக்குச் செய்யும் அவமரியாதை என்பதே என் எண்ணம். இரவில் திரும்புவதற்கான வண்டியை, கச்சேரியின் நிறைவுப் பாடலான மங்களத்துக்குப் பிறகு, அரங்கத்துக்குள் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். எல்லோரும் வாசலுக்கு வந்த பிறகு ஆட்டோ கிடைப்பது அரிது.

ஜனவரியிலும் தங்குபவர்கள், தஞ்சாவூரில் அறை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவையாற்றில் இசைமேதை தியாகராஜரின் நினைவாக நடக்கும் ஆராதனையையும் பார்க்கலாம். புஷ்ய பகுள பஞ்சமியன்று, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதியில் நடப்பதால் தேதி ஆண்டுதோறும் மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே பயணச்சீட்டை உறுதி செய்யுங்கள். அன்று காலையில் அவர் இயற்றிய பஞ்சரத்தின கிருதிகள் என்னும் ஐந்து பாடல்களை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். முதல் பாடலின் நாட்டை ராகத்தில் தொடங்கி கடைசிப் பாடலின் ஸ்ரீராகம்வரை, நீங்கள் வரியைத் தவறவிடும் இடத்தில், முன்பின் அறியாத யாரோ ஒருவர் உங்கள் தாளில் விரல் வைத்துக் காட்டுவார்.