கமக்காரர் அமைப்பின் தலைமை: படித்துப் படித்துச் சரிசெய்தது

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் பயிர்செய்யும் எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புக்கு நான் தலைவரானபோது, சிறுபோகக் (கோடைகால நெற்செய்கைக்கான) கூட்டம் என்றாலே சண்டைதான். மாரியில் குளம் 36 அடிக்கு நிறைந்தாலும், பல ஆண்டுகளில் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. "ஆர் சொன்னது தண்ணி இல்லையெண்டு?" என்று கேட்டால், கணக்கோடு பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

சரி, கணக்கைப் படிப்போம் என்று நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போனேன். 1 ஏக்கரில் 1 அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் 1 ஏக்கர் அடி. இது விளங்கியதும் குளத்துத் தண்ணீரை வயற்கணக்கில் சொல்ல முடிந்தது. ஆவியாவதையும் வாய்க்காலில் ஊறிப்போவதையும் கழிக்கவேண்டும். அங்கேதான் பலருடைய கணக்கு பிழையாகிறது. எங்களைப் போன்ற அமைப்புகளுக்கான 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தையும் வாசித்தேன்.

ஆனால் பெரிய படிப்பு, தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் கடைவாய்க்காலில்தான். தண்ணீர் அங்கே எப்போது போய்ச் சேரும் என்பது எந்தத் தாளிலும் இல்லை. "தம்பி, இரவில வந்து பார்" என்றார் அங்குள்ள ஐயா ஒருவர். போய்ப் பார்த்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற முறைப்பட்டியலை மாற்றினோம்: கடைசி வயலுக்கு முதல் முறை. நீர்மட்டத்தை வாரந்தோறும் பொதுநோக்கு மண்டபத்தில் எழுதிப் போடுகிறோம். இப்போது சண்டை குறைவு, கேள்விகள் அதிகம். அடுத்ததாகக் குறுகிய கால நெல்லினங்களைப் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் கேட்கப் போகிறேன்.