ஜோரோ இரண்டாம் பாகத்தை மனம் நோகாமல் பார்ப்பது எப்படி

முகமூடி போட்ட வாள்வீரன் ஜோரோவின் கதையாக 1998ல் வந்த 'தி மாஸ்க் ஆஃப் ஜோரோ' பிடித்துப்போய், அதே சூட்டோடு 2005ல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஜோரோ'வைப் போட்டால் ஏமாற்றம் நிச்சயம். அதே இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல், அதே அன்டோனியோ பண்டேராஸ், அதே கேதரின் ஸீட்டா ஜோன்ஸ், இசைக்கும் அதே ஜேம்ஸ் ஹார்னர். எல்லாரும் இருக்கிறார்கள், படம் மட்டும் இல்லை. உலகம் முழுக்க முதல் படம் 25 கோடி டாலர் வசூலித்தது, இரண்டாவது சுமார் 14 கோடியோடு நின்றது. அதற்காகப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பார்க்கிற விதத்தில் பார்த்தால் அதிலும் ரசிக்கக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு காட்சியிலும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

முதல் படத்தை இன்னொரு தடவை பார்க்கும்போது பயிற்சிக் காட்சிகளைக் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். குகைத் தரையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்திருக்கும். பெரிய வட்டத்தில் நின்று பழக ஆரம்பிக்கும் அலெஹாண்ட்ரோ (பண்டேராஸ்), கை தேறத் தேற உள்வட்டத்துக்குப் போக வேண்டும் என்பது அவனுக்கு வாள் கற்றுத்தரும் பழைய ஜோரோ அந்தோணி ஹாப்கின்ஸ் போடும் விதி. அலெஹாண்ட்ரோ அப்போது ஒரு சாதாரணத் திருடன், அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கும் வெறியில் இருப்பவன், வாளைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. முகமூடியை அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்கிறான், நாமும் கூடவே இருந்து பார்க்கிறோம். குதிரை லாயத்தில் எலெனாவோடு (ஸீட்டா ஜோன்ஸ்) மோதும் சண்டை அவ்வளவு இனிப்பதற்கும் அதுதான் காரணம். அதில் யாரும் யாரையும் கொல்ல வரவில்லை. ஒவ்வொரு வீச்சிலும் எதிராளி யார், எவ்வளவு தெரிந்தவர் என்று இருவரும் அளந்து பார்க்கிறார்கள். யார் கை ஓங்குகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. வாள் சண்டைக்கு உயிர் கொடுப்பதே இந்த மாற்றம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்துக்கு வாருங்கள். அங்கே அலெஹாண்ட்ரோவுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை, கற்றுக்கொடுக்க ஹாப்கின்ஸும் இல்லை. கதை நடப்பது 1850, கலிஃபோர்னியா அமெரிக்காவோடு மாநிலமாகச் சேரும் சமயம். முகமூடியைக் கழற்றமாட்டேன் என்கிறான் எலெனாவின் கணவனாகிவிட்ட அலெஹாண்ட்ரோ, சண்டை வருகிறது, விவாகரத்து ஆகிறது, அவன் குடிக்க ஆரம்பிக்கிறான். எலெனா ஏன் பிரிந்தாள் என்ற உண்மை ரொம்ப நேரம் அவனுக்குத் தெரியாது. அதுவரை லாயத்தில் தீப்பொறி பறக்க நின்ற அந்த ஜோடி ஒருவரையொருவர் குத்திக்காட்டிப் பேசியே பொழுதைப் போக்குகிறது. என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் மிகப் பெரிய தப்பு இதுதான். பண்டேராஸும் ஸீட்டா ஜோன்ஸும் ஒரே பக்கம் நின்று சண்டை போடுவதைப் பார்க்கத்தான் ஏழு வருஷம் காத்திருந்தோம், அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதனால் பார்க்கும்போது ஜோரோவை விட்டுவிட்டு, அவர்கள் பையன் ஹொவாக்கினைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜோரோ என்றால் அவனுக்கு உயிர், அப்பா என்றால் இளக்காரம், இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. வகுப்பறையில் வாத்தியாரை எதிர்த்து நிற்கும் காட்சியில் முதல் படத்தின் குறும்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. இது அவனுடைய கதை என்று எடுத்துக்கொண்டால் படம் பாதியாவது தேறும். கூடவே பத்து வயசுப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் படத்தை எடுத்ததே அந்த வயசுக்காரர்களை நினைத்துத்தான். முதல் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ் (13 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில இடங்கள் ஒத்துவராமல் போகலாம் என்ற எச்சரிக்கை), இதற்கு அதைவிட மென்மையான வெறும் பிஜி. குதிரை பைப் புகைப்பது, மது குடிப்பது எல்லாம் அப்படி வந்த நகைச்சுவைதான். அந்த இடங்களைத் தயங்காமல் ஓட்டிவிடுங்கள், கதையில் ஒன்றும் குறையாது.

சரித்திரம் தெரிந்தவராக இருந்தால் முன்கூட்டியே மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 1850ல் நடக்கும் கதையில் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் நடத்திய தென் மாநிலக் கூட்டமைப்பின் ராணுவ அதிகாரி வருகிறார், அந்தக் கூட்டமைப்பு பிறந்ததே 1861ல். மாநிலமாகச் சேரும் விழாவில் லிங்கன் நிற்கிறார், அப்போது அவர் இல்லினாய்ஸில் வக்கீல். கடைசிச் சண்டை ரயிலில் நடக்கிறது, கலிஃபோர்னியாவில் முதல் ரயில் பாதை திறந்ததே 1856ல். இதையெல்லாம் முதலிலேயே தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் நடுவில் எரிச்சல் வராது. வில்லன் அர்மான் பயன்படுத்தும் நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்து மட்டும் காலத்துக்குப் பொருந்துகிறது, 1847லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சோப்பிலிருந்து கிளிசரின் எடுத்து, மது பாட்டிலில் வெடிமருந்தை ஒளிக்கும் அந்த யோசனை நல்ல யோசனை. அதைச் சுற்றி ஒரு ரகசியச் சங்கத்தை வேறு கொண்டுவந்து குழப்பாமல் இருந்திருக்கலாம்.

அந்த ரயில் சண்டையை மட்டும் ஓட்டாமல் பாருங்கள், சத்தத்தைக் கூட்டிவைத்து. ஹார்னரின் கிட்டாரும் கைத்தட்டலும் முதல் படத்திலிருந்து அப்படியே வந்திருக்கின்றன, அது ஒன்றே பழைய உற்சாகத்தைக் கொஞ்சம் கிளப்பும்.

அப்புறமும் மனசு ஆறவில்லையா? டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் 1920ல் நடித்த 'தி மார்க் ஆஃப் ஜோரோ'வைத் தேடிப் பாருங்கள். ஊமைப்படம்தான், ஆனால் அந்த மனிதர் சுவர் தாண்டுவதைப் பார்த்தால் வசனம் ஞாபகத்துக்கே வராது. அதற்கும் ஒரு இரண்டாம் பாகம் உண்டு, 1925ல் வந்த 'டான் க்யூ, சன் ஆஃப் ஜோரோ'. மகனாக நடிப்பவரும் ஃபேர்பேங்க்ஸ்தான், வயசான ஜோரோவும் அவரேதான். கடைசிச் சண்டைக்கு அப்பா கிளம்பி வந்து மகனோடு தோள் சேர்ந்து நிற்பார், அந்த இடத்துக்காகவே பார்க்கலாம்.