வாசல் வளைவுக்குக் கண்ணாடி: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிட வரும் புதுப் பையன்கள், வாசல் வளைவுக்கு வண்ணக் கண்ணாடி கணக்குப் போடுவதைப் பார்க்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். விட்டத்தை ஆரமாக எடுப்பது, வர்க்கப்படுத்த மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம். அவை மறுமுறை பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

முக்கோணத்தைக் கழிக்காமல் விடுவது

அரைவட்ட வளைவில் இந்தத் தவறு வெளியே தெரியாது. வளைவின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடான நாண், வட்டத்தின் மையத்தின் வழியே போவதால் மையத்துக்கும் நாணுக்கும் இடையே கழிக்க முக்கோணமே இல்லை. அதிலேயே கை பழகிவிட்டுத் தட்டையான வளைவுக்கு வரும்போதுதான் வினை.

ஒரு வீட்டில் இரண்டாம் கட்டு வாசல். அகலம் 6 அடி, வளைவின் நடு உயரம் 1 அடி. அரை அகலத்தின் வர்க்கம் 9. அதை உயரத்தால் வகுத்து, உயரத்தைக் கூட்டி, பாதியாக்கினால் ஆரம் 5 அடி. மையக்கோணம் சுமார் 73.74 பாகை. இதுவரை பையன் சரியாகத்தான் போட்டான். அப்புறம் 73.74/360 × 3.1416 × 25 = 16.09 சதுர அடி என்று கண்ணாடிக் கடைக்கே எழுதி அனுப்பிவிட்டான்.

அது மையத்திலிருந்து விசிறிபோல் விரியும் வட்டக்கோணப்பகுதியின் பரப்பு. நமக்கு வேண்டியது நாணுக்கும் வளைவுக்கும் இடையே உள்ள வட்டத்துண்டு. மையம் நாணுக்கு 4 அடி கீழே, ஆட்கள் நடந்து போகும் வெற்றிடத்தில் இருக்கிறது. அந்த முக்கோணம் ½ × 6 × 4 = 12. அதைக் கழித்தால் 4.09 சதுர அடிதான். ஆள் போகும் வழிக்கும் சேர்த்தா கண்ணாடி வாங்குவது?

எனக்கு எரிச்சல் சூத்திரம் மறந்ததில் இல்லை. 6 அடிக்கு 1 அடி செவ்வகத்துக்குள் அடங்கும் வளைவு 6 சதுர அடியைத் தாண்டுமா என்று ஒரு நொடி யோசிக்கவில்லையே! இன்னொரு சோதனையும் உண்டு: அகலம் × உயரம் × 2/3. இங்கே 4 வருகிறது. தட்டையான வளைவுக்கு மட்டும் இதை நம்பலாம். அரைவட்டத்துக்குக் குறைத்துக் காட்டும்.

பாகையும் ரேடியனும்

முக்கோணத்தின் பரப்பை எக்செல்லில் சைன் வைத்துப் போடுகிறவர்கள், கோணத்தைப் பாகையில் அல்ல, அதன் இன்னொரு அலகான ரேடியனில்தான் கொடுக்க வேண்டும்.

வில்லை நாணாக அளப்பது

அகலம் அளக்கும்போது டேப்பை வளைவோடு ஒட்டிப் பிடிக்காதீர்கள்; அது வில்லின் நீளம், நாண் அல்ல. அதே வாசலில் 6 அடி 5 அங்குலம் காட்டும்.

அரைவட்டத்தைத் தாண்டிய வளைவு

அங்கே மையம் வளைவுக்குள்ளேயே இருப்பதால், முக்கோணத்தைக் கழிக்காமல் கூட்டுங்கள்.

பரப்பை அப்படியே ஆர்டர் செய்வது

4.09 என்பது பொருத்திய பிறகு உள்ள பரப்பு. ஒரே கண்ணாடியில் வெட்டினால் 6 சதுர அடிச் செவ்வகம் வேண்டும். வண்ணத்துக்கு ஒரு துண்டாகப் பிரிப்பதென்றால், ஒவ்வொரு துண்டையும் அடக்கும் செவ்வகத்தைத் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.